பருந்தும் பத்து நாள் கெடுவும்

குடை வாங்கிய மறுநாளே மழை நின்றுபோகும் ராசி எனக்கு. ஆகவே, புது லென்ஸ் வாங்கியதும் கொச்சியில் இருக்கிற பருந்தெல்லாம் கூண்டோடு கிளம்பி ஆலப்புழைக்குப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. மட்டாஞ்சேரி ஜெட்டிக்கு மேலே வழக்கம்போலச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. படம்தான் விழவில்லை.

கொஞ்சம் நீளமான கதை. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் லென்ஸ். 100-லிருந்து 400 மில்லிமீட்டர் வரை போகிற டெலி ஜூம். 400-ல் எஃப் 6.3. எடை ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் கம்மி. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும். இரண்டு வருஷம் கட்டின சீட்டுப் பணம். தங்கமணி கணக்கில் அது ஃப்ரிட்ஜ். என் கணக்கில் லென்ஸ். யார் ஜெயித்தார்கள் என்பது தலைப்பிலேயே தெரிகிறது, ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் ஐஸ் தண்ணீர் கேட்கிற உரிமையை நான் இழந்துவிட்டேன்.

புதுசு கண்ணா புதுசு என்று குதித்தாலும் உடம்பு என்னவோ பழைய கேமராதான். கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர், செகண்ட் ஹேண்ட், ஒன்பது வயசு. இப்போது எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். சீட்டுப் பணத்தில் அதுவும் சேர்த்து வராது.

பார்சல் வந்த பெட்டியில் ஒரு சீட்டு இருந்தது. குறை இருந்தால் பத்து நாளைக்குள் திருப்பி அனுப்பலாம். பத்து நாள். நான் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசிலிருந்து ஜெட்டிக்கு ஓடினேன். ஆபீஸ் என்றால் பஜார் ரோட்டில் மசாலா ஏற்றுமதி கம்பெனி. அங்கே லேபில் இருக்கிறேன், பதினாலு வருஷமாக. மிளகு, ஏலம், சுக்கு, ஜாதிக்காய். மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுப்பது, லிட்டருக்கு எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பது, ஈரம் பார்ப்பது. ஊர் வேதாரண்யம். உப்பு பார்த்து வளர்ந்தவன் மிளகு பார்த்துப் பிழைக்கிறேன். இங்கே நான் இன்னமும் 'பாண்டி சார்'தான். பாசமாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஏசி லேபிலிருந்து லென்ஸை வெளியே எடுத்ததும் முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துபோய், பத்து நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் போனது. அதற்கப்புறம் ஒரு நூத்தைம்பது படம். செம்பருந்து, மலையாளத்தில் கிருஷ்ணப்பருந்து. தலையும் நெஞ்சும் வெள்ளை, மிச்சமெல்லாம் செங்கல் நிறம். மீன் குடலுக்காகத் தண்ணீர் மட்டத்துக்கு இறங்கி, காலால் கவ்வி, பறந்துகொண்டே தின்னும். பதினைந்து இருபது மீட்டரில் கிடைக்கும். இதைவிடச் சுலபமான பறவை எங்கே கிடைக்கும்?

சாயங்காலம் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிசாக்கிப் பார்த்தால் ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை. கண் என்று ஒரு கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றி வெண்ணெய். இறகு என்று ஒரு உத்தேசம். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். லென்ஸ் சரியில்லை என்று முடிவு கட்டினேன். கட்டிவிட்டு, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தேன். கை லேசாக நடுங்கியது.

அங்கேதான் விஷயம் வேறு மாதிரி ஆயிற்று.

இங்கே ஒரு கொசுவத்தி சுத்தியே ஆகவேண்டும். அப்பா தாலுகா ஆபீசில் எழுத்தர். முத்து முத்தான கையெழுத்து. ஊரில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கோர்ட் மனு வரை அப்பாவிடம் எழுதி வாங்கிப் போவார்கள். நான் கொச்சிக்கு வந்த புதிதில் மாசம் ஒரு இன்லண்ட் லெட்டர் வரும். மூன்று நான்கு வருஷத்தில் அந்த எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. வரியின் தொடக்கத்தில் கொஞ்சம் பெரிசாக இருக்கும், முடிவில் எறும்பு. பேப்பரை மிச்சம் பிடிக்கிறார் என்று நானும் அம்மாவும் சிரித்தோம். அது பார்கின்சன் என்று தெரிய இன்னும் ஒரு வருஷம் ஆனது. எழுத்து சிறுத்துப் போவது அந்த நோயின் அடையாளங்களில் ஒன்று என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கை நடுக்கம் பிறகு வந்தது. சாய்வு நாற்காலியில் கையை வைத்திருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது மாதிரி உருளும். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது.

எனக்கு இப்போது நாற்பத்தேழு. போன சில மாசமாக லேபில் பிப்பெட்டைப் பிடிக்கும்போது நுனி ஆடுகிற மாதிரி ஒரு சந்தேகம். யாரிடமும் சொல்லவில்லை. லேப் நோட்டில் என் கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், ஜனவரி எழுத்தும் ஆகஸ்ட் எழுத்தும் ஒரே அளவா என்று.

ஆக, எனக்கு முன்னால் இருந்த கேள்வி லென்ஸா, கையா என்பது. லென்ஸ் என்றால் பத்து நாளில் திருப்பி அனுப்பிவிடலாம்.

சரி, அழுதுகொண்டிருந்தால் ஆகுமா. நமக்குத் தெரிந்த வேலை பரிசோதனை. தினமும் காலையில் லேபில் தராசில் நிர்ணய எடைக்கல்லை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மிளகை வைப்போம். தராசு சரியா என்று தெரியாமல் மிளகைக் குறை சொல்லக்கூடாது. அதேபோல ஒரே மூட்டையில் குத்திவிட்டு லாட்டுக்கே மார்க் போடவும் கூடாது. ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு இவ்வளவு செய்கிறவன், சொந்தக் காசு போட்ட லென்ஸுக்கு ஜெட்டியில் நின்று கண்டபடி சுட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினால் எப்படி?

முதலில் அந்த நூத்தைம்பது படத்தையே மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன். மங்கலில் பல ஜாதி உண்டு. கை ஆடினால் படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருக்கும். பறவையும் இழுபடும், பின்னால் இருக்கிற படகும் இழுபடும். ஃபோகஸ் தப்பினால் பறவை மங்கும், ஆனால் அதற்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒன்று பளிச்சென்று இருக்கும். பறவை வேகமாகப் போய் ஷட்டர் போதாமல் இருந்தால் இறகு நுனி மட்டும் கரையும், உடம்பு தப்பித்துக்கொள்ளும். நாலாவது ஜாதி ஒன்று உண்டு, அதை நான் மறந்தே போயிருந்தேன்: காற்று. வெயில் ஏறிய தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் மேலே சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து நெளிந்துகொண்டே இருக்கும். தார் ரோட்டில் மதியம் தூரத்தில் தண்ணீர் நிற்பதுபோலத் தெரியுமே, அதே சமாசாரம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. 400 மில்லிமீட்டரில் அந்த நெளிவும் சேர்ந்து பெரிசாகும். இதன் அடையாளம், அடுத்தடுத்த இரண்டு படத்தில் நேர்கோடு வேறு வேறு மாதிரி வளைந்திருக்கும்.

பின்னால் தெரிந்த படகின் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன். ஒரு படத்தில் இடுப்பு வளைந்து நிற்கிறது, அடுத்ததில் கழுத்து வளைந்து நிற்கிறது. மதியம் ஒன்றரை மணிக்குக் காயல் மேலே படம் எடுத்தால் எந்த லென்ஸாக இருந்தால் என்ன? நூத்தைம்பதில் பாதியை அங்கேயே கழித்துவிட்டேன்.

இரண்டாவது திருடன் என் கையாலேயே மாட்டினது. லென்ஸைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று பழைய பெட்டியிலிருந்து ஒரு யூவி ஃபில்டரை எடுத்து மாட்டியிருந்தேன். சின்ன லென்ஸில் ஒன்றும் தெரியாது. நீளமான லென்ஸுக்கு முன்னால், சமதளமாக இல்லாத மலிவுக் கண்ணாடியை வைப்பது ஜன்னல் கண்ணாடி வழியாகப் படம் எடுப்பது மாதிரி. கழற்றிவிட்டு எதிர்வீட்டுக் கூரை ஓட்டை எடுத்தேன். ஓட்டில் பாசி தெரிந்தது. மாட்டிவிட்டு எடுத்தேன். பாசி போயிற்று. அந்த ஃபில்டர் இப்போது தங்கமணியின் மஞ்சள் டப்பாவுக்கு மூடி. (ஃப்ரிட்ஜுக்குப் பதிலாக இதையாவது வாங்கிக்கொடுத்தீர்களே என்று ஒரு பாராட்டும் கிடைத்தது.)

மிச்சம் இருப்பது ஃபோகஸும் கையும். கையை விலக்கிவிட்டு ஃபோகஸை மட்டும் பார்க்கவேண்டும் என்றால் டிரைபாட். இடம்? மொட்டைமாடி காற்றில் ஆடும். வீட்டுக்குள் பத்து மீட்டர் நீளம் எங்கே இருக்கிறது, நம் வீடு என்ன டச்சு அரண்மனையா. கோடவுனில் ஒரு நீளமான நடை உண்டு, இரண்டு பக்கமும் சுக்கு மூட்டை. ஞாயிற்றுக்கிழமை சாவி வைத்திருக்கிற சேட்டனிடம் கெஞ்சினேன்.

"சாரே, இது எந்தா, பீரங்கியோ?" என்றார் லென்ஸைப் பார்த்து.

"பருந்தைப் பிடிக்க, சேட்டா" என்றேன்.

"அதுக்கு மத்தி போராயோ?" மத்தி மீன் போதாதா என்கிறார். வாஸ்தவம்தான்.

ஃபோகஸ் எப்படித் தப்பும் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை ஒரு கண்ணாடி மேலே வியூஃபைண்டருக்குத் திருப்பும். கொஞ்சம் அதைத் துளைத்துக்கொண்டு போய், பின்னால் இருக்கிற குட்டிக் கண்ணாடியில் பட்டுக் கீழே இறங்கும். கேமராவின் தரையில் உட்கார்ந்திருக்கிற ஃபோகஸ் சென்சார் அதைப் பார்த்துத்தான் லென்ஸுக்கு 'முன்னே போ, பின்னே போ' என்று உத்தரவு போடும். ஆனால் படம் விழுவது பின்னால் இருக்கிற இன்னொரு சென்சாரில். லென்ஸிலிருந்து இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மயிரிழை மாறாமல் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கீழே இருப்பவர் 'எல்லாம் சரி' என்று பச்சை விளக்குக் காட்டுவார், படத்தில் சரியாக இருக்காது. லென்ஸிலும் தன் பங்குக்கு ஒரு சின்ன விலகல் இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே கம்பெனி அனுமதித்த எல்லைக்குள்தான். மாப்பிள்ளை வீடும் நல்ல வீடு, பெண் வீடும் நல்ல வீடு, சம்பந்தம்தான் ஒத்துவரவில்லை என்கிற கதை.

இதற்காகவே 2007-ல் கேனான் தன் 1டி மார்க் III-லும் நிக்கான் டி3, டி300-லும் கேமராவுக்குள்ளேயே திருத்தம் போடுகிற வசதியைக் கொடுத்தார்கள். மைனஸ் 20-லிருந்து பிளஸ் 20 வரை. கூட்டினால் ஃபோகஸ் பின்னால் தள்ளும், குறைத்தால் முன்னால் வரும். பிறகு சிக்மா 2013-ல் யூஎஸ்பி டாக் என்று ஒன்று கொண்டுவந்தது. லென்ஸை அதில் மாட்டிக் கம்ப்யூட்டரில் இணைத்தால், ஜூம் என்றால் நான்கு குவிய நீளத்துக்கு நான்கு தூரம், மொத்தம் பதினாறு இடத்தில் திருத்தலாம். டாம்ரானும் 2016-ல் தன் பங்குக்கு ஒன்று விட்டது. மிரர்லெஸ்ஸில் படம் விழுகிற சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. என் பழைய உடம்பில் இருப்பது ஒரே ஒரு எண் போடுகிற வசதி. பறவைக்காரனுக்கு 400-ஐ விட்டுக் கீழே இறங்க மனசே வராது என்பதால் 400-க்கு மட்டும் பார்த்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

முதல் ஞாயிறு வீணாய்ப் போனது. ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து அதன் நடு எண்ணில் ஃபோகஸ் செய்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் கூர்மையாக வந்தது. மண்டை காய்ந்தது. அப்புறம்தான் புரிந்தது. வியூஃபைண்டரில் தெரிகிற சின்னக் கட்டம் வெறும் அடையாளம்தான். உண்மையில் சென்சார் அதைவிடப் பெரிய இடத்தைப் பார்க்கிறது. சாய்ந்த ஸ்கேலில் அதற்குப் பிடித்த கோடு எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளும். ஃபோகஸ் செய்கிற பலகை கேமராவுக்கு நேராக, சுவர் மாதிரி நிற்கவேண்டும். ஸ்கேல் அதன் பக்கத்தில் தனியாகச் சாய்ந்து நிற்கவேண்டும், அதன் பூஜ்யம் பலகையின் தளத்தில் இருக்கும்படி. பலகையில் பிடி, ஸ்கேலில் படி.

பலகையில் ஒட்ட மலையாளப் பேப்பரைத்தான் எடுத்தேன். எழுத்தெல்லாம் ஜிலேபி. ஃபோகஸ் சென்சாருக்கு வேண்டியது நேர்கோடு. கடைசியில் பங்குச்சந்தை விலைப்பட்டியல் பக்கம் கட்டம் கட்டமாக இருந்தது, அதை ஒட்டினேன். நமக்குப் பங்குச்சந்தையால் கிடைத்த ஒரே லாபம்.

இரண்டாவது ஞாயிறு, கெடுவின் எட்டாவது நாள். காலை ஆறே முக்கால். டியூப்லைட்டை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து பகல் வெளிச்சத்தை விட்டேன். டியூப்லைட் துடிக்கும், அதன் நிறமும் ஃபோகஸ் சென்சாரைக் கொஞ்சம் ஏமாற்றும். தூரம் பத்து மீட்டர், டேப் வைத்து அளந்தது. டிரைபாடின் நடுக்கம்பியில் ஐந்து கிலோ மிளகுப் பையைத் தொங்கவிட்டேன். (சுத்தமான மலபார் மிளகு, லிட்டருக்கு 550 கிராம் நிற்கிற ரகம். உலகத்திலேயே விலை உயர்ந்த டிரைபாட் எடைக்கல் என்னுடையதுதான்.) லென்ஸில் நடுக்கம் தடுக்கும் ஸ்விட்சை அணைத்தேன், டிரைபாடில் அது வேலை செய்தால் தானே ஆட்டிவிடும். கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி வைத்து, ரிமோட்டில் ஷட்டர். தரை பழைய மரப்பலகை என்பதால் சேட்டனை நடக்காமல் உட்காரச் சொல்லிவிட்டேன். அவரும் சுக்கு மூட்டை மேல் சம்மணம் போட்டுப் பேப்பரின் மிச்சப் பக்கங்களைப் படிக்க ஆரம்பித்தார்.

400 மில்லிமீட்டர், எஃப் 6.3, பத்து மீட்டர். இதில் கூர்மையாகத் தெரிகிற ஆழம் மொத்தமே சுமார் 15 சென்டிமீட்டர். ஒரு ஜாண் கூட இல்லை. செம்பருந்தின் அலகிலிருந்து வால் வரை கிட்டத்தட்ட அரை மீட்டர். நேராக நம்மைப் பார்த்து வருகிற பருந்தின் கண்ணில் ஃபோகஸ் விழுந்தால் வால் மங்கித்தான் ஆகவேண்டும். ஏழு சென்டிமீட்டர் தப்பினால் கண்ணே விளிம்புக்குப் போய்விடும்.

ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லென்ஸை ஒரு தடவை தூரத்துக்கும், அடுத்த தடவை கிட்டத்துக்கும் கலைத்துவிட்டு ஃபோகஸ் பிடிக்கவைத்தேன். ஒரே பக்கமிருந்து வந்தால் அதுவும் ஒரு சாய்வு. முதலில் திருத்தம் இல்லாமல் பத்து. நோட்டில் எழுதினேன்: முன்னால் 6, 7, 5, 6, 8, 6, 3, 7, 6, 6. ஒன்று கூடப் பின்னால் இல்லை. பத்திலும் முன்னால். அப்புறம் லைவ் வியூ போட்டு, அதாவது படம் விழுகிற சென்சாரை வைத்தே ஃபோகஸ் பார்த்து எடுத்தேன். பூஜ்யத்தில் விழுந்தது. விலைப்பட்டியலில் இருக்கிற பொடி எழுத்தின் காகித நார் தெரிந்தது.

ஆக, லென்ஸ் கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. உடம்பும் லென்ஸும் பேசிக்கொள்வதில்தான் தகராறு. பிளஸ் 5 போட்டுப் பத்து, பிளஸ் 10 போட்டுப் பத்து. பத்தில் பின்னால் தள்ளியது. பிளஸ் 7, பிளஸ் 8. ஏழில் நின்றது: பத்தில் எட்டு பூஜ்யத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள். அப்புறம் இருபது மீட்டருக்கு நடையின் கடைசி வரை போய் அதே ஏழில் பார்த்தேன், சரியாகவே இருந்தது. அங்கே ஆழம் அறுபது சென்டிமீட்டர் என்பதால் கொஞ்சம் தப்பினாலும் மன்னித்துவிடும். மணி எட்டே கால்.

அங்கேயே மூட்டை கட்டியிருக்கலாம். நோட்டை மூடினேன். திரும்பவும் திறந்தேன். எண்கள் வரிசையாக இருந்தன. முதல் வரி 6-ம் கடைசி வரி 6-ம் ஒரே அளவுதானா என்று பார்த்தேன். ஒரே அளவுதான் என்று தோன்றியது. ஆனால் தோன்றுவதை நம்பித்தான் லென்ஸைக் குறை சொன்னேன்.

கேமராவை டிரைபாடிலிருந்து கழற்றினேன்.

கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: குவிய நீளத்துக்கு ஒன்றின் கீழ். என் கேமராவின் சென்சார் சின்னது, ஒன்றரை மடங்குக்கு மேல் பெருக்கினால் 1/640. அதற்குக் கீழே போனால் கை தெரியும். வேண்டுமென்றே 1/250 வைத்தேன், நடுக்கம் தடுப்பானைப் போட்டுக்கொண்டு. பத்து மீட்டரில் அதே பலகை. இருபது படம். அப்புறம் சேட்டனைக் கூப்பிட்டேன். கேமரா பிடித்தது இல்லையே என்றார். இடது கையை லென்ஸுக்கு அடியில் தாங்கி, முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சை விட்டுவிட்டு மெதுவாக அமுக்கு என்று காட்டினேன். தினமும் தலையில் மூட்டை சுமந்த மனுஷன். அசையாமல் நிற்பது எப்படி என்று எனக்குச் சொல்லித்தருகிற உடம்பு அது. அவரும் இருபது.

வீட்டுக்கு வந்து எது யாருடையது என்று தெரியாமல் கலைத்துப்போட்டு, தங்கமணியை உட்காரவைத்து, கூர்மையா மங்கலா என்று மட்டும் சொல்லச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. நாற்பது படமும் ஒரே பங்குச்சந்தை விலைப்பட்டியல். "இதுக்கா ஃப்ரிட்ஜ் போச்சு?" என்றாள் இருபதாவது படத்தில்.

சேட்டனுக்குப் பன்னிரண்டு தேறியது. எனக்குப் பதினொன்று.

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். பத்தாவது நாள் லென்ஸைத் திருப்பி அனுப்பவில்லை.

அப்படியும் மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் எர்ணாகுளத்தில் நரம்பு டாக்டரிடம் போனேன், தங்கமணியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு. (சொன்னதற்குக் கிடைத்த திட்டு தனிக் கதை.) பெருமையாக நாற்பது பட ஆராய்ச்சியை டாக்டரிடம் விவரித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னதன் சாரம் இது: உங்கள் சோதனை நல்ல சோதனைதான், ஆனால் நீங்கள் பயப்படுகிற நோய்க்கு அது பொருந்தாது. பார்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது வருவது. ஏதாவது வேலையில் இறங்கினால் குறையும். லென்ஸைத் தூக்கிப் பிடித்தால் அடங்கிவிடக்கூடும். எடை தாங்கிப் பிடிக்கும்போதும், காபி அதிகமானாலும், களைப்பிலும் வருகிற லேசான நடுக்கம் எல்லா மனிதருக்கும் உண்டு, சேட்டன் உட்பட.

ஈரமானியை வைத்து மிளகின் காரத்தை அளந்திருக்கிறேன். பதினாலு வருஷம் லேபில் குப்பை கொட்டியவன்!

அப்பாவை நினைத்துப் பார்த்தேன். உண்மைதான். நாற்காலியில் உருண்டுகொண்டிருந்த விரல்கள், காபி டம்ளரை எட்டும்போது நின்றுவிடும். முதல் சில வருஷங்களில் அப்படித்தான் இருந்தது. நான் பார்த்ததுதான், கவனித்ததில்லை.

டாக்டர் என்னைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார், வராந்தாவில் நடக்கவிட்டார், பேப்பரில் சுருள் வரையச் சொன்னார், ஒரு வாக்கியத்தை நாலைந்து தடவை எழுதச் சொன்னார். தமிழில் எழுதலாமா என்று கேட்டுக்கொண்டு என் ஊர் பெயரையும் அப்பா பெயரையும் எழுதினேன். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்றார். காபியைக் குறைக்கச் சொன்னார். நாளைக்கு ஆறு என்பதை மூன்றாக்கி இருக்கிறேன்.

லென்ஸ் இப்போது காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு, ஈரமானி ஒன்றும் போட்டு 45 சதவீதத்தில் இருக்கிறது. கொச்சி மழைக்கு வெளியே வைத்தால் மிளகுக்கு வருகிற பூஞ்சணம் லென்ஸுக்கும் வரும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கச் சொல்லி ஊரிலிருந்து ஒரு யோசனை வந்தது. செய்துவிடாதீர்கள், அரிசி மாவு ஜூம் இடுக்கில் போகும்.

போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜெட்டிக்குப் போனேன். வெயில் ஏறாத நேரம், காயல் கண்ணாடி மாதிரி. ஃபில்டர் இல்லை, பிளஸ் 7, ஷட்டர் 1/2000. வெள்ளைத் தலை வெளுத்துவிடாமல் இருக்க எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் போலக் குறைத்தேன். ஒரு செம்பருந்து என்னைப் பார்த்துச் சரிந்து இறங்கியது. கண்ணில் இமை விளிம்பு தெரிகிறது, கழுத்து வெள்ளையில் ஒவ்வொரு இறகுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறது. வலது இறக்கை நுனி ஃப்ரேமில் வெட்டுப்பட்டுப் போச்சு. அது லென்ஸ் தப்பு இல்லை.

இந்த லென்ஸை வாங்கியதே கோடியக்கரைக்காகத்தான். சின்ன வயசில் டிசம்பர் மாசம் அப்பா சைக்கிள் முன்கம்பியில் என்னை உட்காரவைத்து உப்பளப் பக்கம் கூட்டிப்போவார். தூரத்தில், நீரும் வானமும் சேருகிற இடத்தில் ஒரு ரோஸ் கோடு நெளியும். அதுதான் பூநாரை, நல்லாப் பாத்துக்கோ என்பார். நான் பார்த்ததெல்லாம் கோடுதான். ஒரு தடவையாவது அதற்குக் காலும் வளைந்த அலகும் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது நாற்பது வருஷ ஆசை. இப்போது தெரிகிறது, அந்த நெளிவு பறவையுடையது அல்ல, உப்பளத்துச் சூட்டுக் காற்று. பத்து மணிக்கு மேல் எந்த லென்ஸைக் கொண்டுபோனாலும் கோடுதான் கிடைக்கும். விடியும்போதே அங்கே இருக்கவேண்டும்.

காரைக்கால் வண்டிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். தங்கமணிக்கும் சேர்த்து. வெயிட்டிங் லிஸ்ட் 14, 15.